வர்ணம் தீர்ந்த பின் மிஞ்சுவது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மேடையில் பெண் கல்வி பற்றியும் பண்பாடு பற்றியும் அறிந்தவர்கள் பேசிவிட்டார்கள். எனக்குத் தரப்பட்டிருப்பது மிகச் சிறிய விடயம். கலர்ப் பெட்டி. அதிலும் கலரைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதை மூடியிருக்கும் பெட்டியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பொருட்களுக்குப் பொதி வடிவமைப்பது என் தொழில் என்பதால் சங்கத்தார் இந்தத் தலைப்பை என் தலையில் வைத்தார்கள்.

இது எங்கள் சங்கத்துக்கு ஏன் உரிய விடயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருக்கும் பழைய மாணவிகள் ஊர்ப் பாடசாலைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும்போது முதலில் ஞாபகம் வருவது கொப்பியும் கலர்ப் பெட்டியும்தான். நல்ல மனதோடு வாங்குகிறோம். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆயிரம் பெட்டி. பிள்ளை பெட்டியைத் திறக்கிறது. மேலே சுற்றிய பிளாஸ்ரிக் தாள் கிழிகிறது. உள்ளே வார்த்த பிளாஸ்ரிக் தட்டு கழன்று விழுகிறது. முகப்பில் ஒட்டிய பிளாஸ்ரிக் சாளரம் ஒரு கிழமையில் பிய்கிறது. கலர் ஒரு வருடம் இருக்கும். அந்தத் தட்டும் சாளரமும் அந்தப் பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் இருக்கும்.

அப்படி இராவிட்டால் அவை எரிக்கப்பட்டிருக்கும். குப்பை வண்டி ஒழுங்காக வராத ஊர்களில் பாடசாலை வளவின் பின்மூலையில் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பது வழக்கம். பெட்டிச் சாளரங்களிலும் தட்டுகளிலும் பி.வி.சி. என்ற பிளாஸ்ரிக் பயன்படுவதுண்டு. அதில் குளோரின் இருக்கிறது. எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். டயொக்சின் வகை நச்சுகளும் உண்டாகும். அந்தப் புகை போகும் இடம் பக்கத்து வகுப்பறை. நாங்கள் அன்போடு அனுப்பிய பரிசின் ஒரு பகுதியை அதே பிள்ளை மூச்சில் வாங்குகிறது. இன்றைக்கு இந்த மேடையில் இதை எடுத்ததற்கு இதுதான் காரணம்.

பொதி என்பது கழித்துவிட வேண்டிய ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. வர்ணத்தின் வரலாறே ஒருவகையில் பொதியின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய ஓவியர்கள் குழைத்த எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் நிரப்பிக் கட்டி வைத்தார்கள். ஆணியால் ஒரு துளை போட்டுப் பிதுக்குவார்கள். பிறகு அத்துளையைச் சரியாக அடைக்க முடியாது, வர்ணம் காய்ந்துவிடும். 1841இல் ஜோன் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரத்தால் பிதுக்கத்தக்க குழாய் ஒன்றைச் செய்து அதற்குக் காப்புரிமை பெற்றார். மூடி போட்டு மூடினால் வர்ணம் நெடுநாள் ஈரமாக இருந்தது. ஓவியர்கள் அறையை விட்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போனார்கள். மொனே, ரெனுவா போன்றோர் வெளிவெளியில் நின்று தீட்டிய படங்களுக்குப் பின்னால் இந்தக் குழாயும் நிற்கிறது.

மாணவச் செல்வங்களுக்காக இன்னொன்று. 1903இல் அமெரிக்காவில் பின்னி அன்ட் ஸ்மித் நிறுவனம் எட்டு மெழுகுக் கலர்களை ஒரு சிறிய மட்டைப் பெட்டியில் வைத்து ஐந்து சதத்துக்கு விற்றது. அதற்குக் 'கிரயோலா' என்று பெயர் வைத்தவர் அலிஸ் பின்னி. அவர் ஆசிரியையாக இருந்தவர். அந்தப் பெட்டியில் இருந்தவை மட்டையும் கடதாசியும் மட்டுமே. கலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடதாசிச் சட்டை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மட்டை வீடு. பிளாஸ்ரிக் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கலர் விற்கலாம் என்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய செய்தி.

வடிவமைப்பாளர் ஒருவர் கலர்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் முதலில் கேட்க வேண்டியது, "இந்தப் பொருளுக்கு எதனால் கேடு வரும்?" என்பது. ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு கேடு. கலர் பென்சில் கீழே விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கூர் துண்டுதுண்டாக உடைந்திருக்கும். சீவச் சீவக் கழன்று விழும். பஸ்ரல் ஒன்றோடொன்று மோதினால் உடையும். உரசினால் மஞ்சளில் நீலம் ஏறும். மெழுகுக் கலர் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் இளகும். அதன் எண்ணெய் மட்டையில் ஊறும். நீர்வர்ணக் கட்டியில் பிசின் இருப்பதால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். சித்திரத் தாள் ஈரத்தை உறிஞ்சி நெளியும். அக்ரிலிக் வர்ணம் காரத்தன்மை உடையது. வெறும் அலுமினியக் குழாயில் அடைத்தால் உலோகத்தோடு தாக்கம் புரியும். ஆகவேதான் அது பிளாஸ்ரிக் குழாயில் வருகிறது. எண்ணெய் வர்ணமோ உலோகக் குழாயில் நன்றாக இருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுற்றாடலுக்கு நல்லது செய்கிறோம் என்று பொதியை மிக மெல்லியதாக்கி, பாதிப் பென்சில்கள் உள்ளே உடைந்து போனால், மரமும் மெழுகும் நிறமும் தொழிலாளியின் உழைப்பும் சேர்ந்து வீணாகின்றன. மட்டையில் மிச்சம் பிடித்ததைவிட அந்த நட்டம் பெரிது. பொருளைக் காப்பாற்றாத பொதி எந்தச் சாமானால் செய்ததென்றாலும் நல்ல பொதி ஆகாது.

இரண்டாவது கேள்வி, "வேலை முடிந்ததும் இது எங்கே போகும்?" என்பது. நிறுவனங்கள் இதற்குப் பதிலாகப் பெட்டியில் ஒரு பச்சை இலையை அச்சடித்துவிடுகின்றன. பச்சை இலையைக் கண்டு மயங்காதீர்கள். "உக்கும் பிளாஸ்ரிக்" என்று எழுதியிருந்தால் எங்கே உக்கும் என்று கேளுங்கள். சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்ரிக் உண்டு. அது சிதைவதற்குச் சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பம் நீடித்து நிற்கும் தொழிற்சாலைக் கூட்டெரு நிலையம் வேண்டும். எங்கள் வளவுக் குழியில் அந்த வெப்பம் நிற்காது, கடலிலும் கிடைக்காது. இன்னொரு வகை, ஏதோ ஒரு மருந்து கலந்து தானாகத் துண்டுதுண்டாகும் பிளாஸ்ரிக். அது மறைவதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப் போகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐரோப்பிய ஒன்றியமே அதைத் தடை செய்தது.

சிறுத்துப்போன பிளாஸ்ரிக் என்றால் என்ன என்று இந்த நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பிடித்தது. அதில் சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணைகள் இருந்தன. வெண்ணிறக் குருணைகள் மேற்குக் கரை மணலில் அரிசி போலக் குவிந்ததைப் படங்களில் பார்த்தோம். பொதிகளுக்குரிய பிளாஸ்ரிக்கும் அப்படிப்பட்ட குருணையாகத்தான் தொழிற்சாலைக்கு வந்து சேர்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017 செப்ரெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியன தடை செய்யப்பட்டன. 2021 மார்ச்சில் உணவும் மருந்தும் தவிர்ந்த சிறு பிளாஸ்ரிக் பொட்டலங்களுக்குத் தடை வந்தது. 2023 ஒக்ரோபரில் உறிஞ்சு குழாய், கரண்டி, இடியப்பத் தட்டு வரை போனது. இந்தப் பட்டியல்களில் கலர்ப் பெட்டியின் உள்தட்டு இல்லை. சட்டம் வராத இடத்தில் வாங்குகிறவர்தான் சட்டம்.

சரி, எப்படித்தான் செய்வது? என் தொழிலில் நான் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலாவது, சாமானை மாற்றுவதற்கு முன் அளவைக் குறைத்தல். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கலர் பென்சில் ஏறத்தாழ 175 மில்லிமீற்றர் நீளம், 7 மில்லிமீற்றர் தடிப்பு. 12 பென்சில்களை ஒரே வரிசையில் பரப்பினால் பெட்டி 178க்கு 86க்கு 8 மில்லிமீற்றர். அதன் ஆறு பக்கங்களின் பரப்பு சுமார் 348 சதுர சென்ரிமீற்றர். அதே 12ஐ ஆறு ஆறாக இரண்டு அடுக்கில் வைத்தால் பெட்டி 178க்கு 44க்கு 16. பரப்பு சுமார் 228. மூன்றில் ஒரு பங்கு மட்டை மிச்சம். ஆயிரம் பிள்ளைகளுக்கு 12 சதுர மீற்றர். ஒரு சிறிய படுக்கையறையின் தரை அளவு. பொருளில் ஒன்றும் குறையவில்லை. அப்படியென்றால் ஏன் அகலப் பெட்டி விற்கிறார்கள்? கடைத் தட்டில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. சங்கம் மொத்தமாக வாங்கிப் பாடசாலைக்குக் கொடுக்கும் பெட்டி கடைத் தட்டில் நிற்கப்போவதே இல்லை. யாருக்குக் காட்டுவதற்காக அந்த அகலம்?

போஸ்ரர் கலரிலும் இதே கதைதான். 15 மில்லிலீற்றர்ப் போத்தல் 33 வாங்குவதும் அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று வாங்குவதும் வர்ணத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். போத்தலும் மூடியும் முப்பத்திரண்டு குறையும். வகுப்புக்கு ஒரு பெரிய போத்தல் வாங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சிறிய ஜாம் போத்தல்களில் ஊற்றிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஒரு பெட்டி ஒரே சாமானால் ஆகியிருத்தல். மட்டையும் மீள்சுழற்சிக்குப் போகும். சில பிளாஸ்ரிக்கும் போகும். இரண்டையும் பிரிக்க முடியாமல் ஒட்டிவிட்டால் இரண்டுமே போகாது. பளபளப்புக்காக மட்டையின் மேல் பிளாஸ்ரிக் படலம் ஒட்டுவது அப்படிப்பட்ட காரியம். பளபளப்பு வேண்டாம், பழுப்பு மட்டையில் ஒரே நிறத்தில் அச்சடித்தால் போதும். சாளரம் வேண்டாம், உள்ளே என்ன நிறங்கள் என்பதை வெளியே சிறு வட்டங்களாக அச்சிடலாம். பசையும் குறைவாக இருக்கட்டும். நாக்கைச் செருகிப் பூட்டும் மடிப்பு, அல்லது எல்லோருக்கும் தெரிந்த தீப்பெட்டி அமைப்பு, உறைக்குள் நகரும் தட்டு, பசையே இல்லாமல் நிற்கும்.

மூன்றாவது, ஈரத்துக்கும் மோதலுக்கும் பிளாஸ்ரிக் இல்லாத வழி தேடுதல். பஸ்ரல்களுக்கு நெளிமட்டையின் நெளிவையே தொட்டிலாக்கலாம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. சித்திரத் தாளுக்கும் நீர்வர்ணக் கட்டிக்கும், முத்திரை சேகரிப்போர் பயன்படுத்தும் வழுவழுப்பான, ஒளிகசியும் கடதாசி உறை இருக்கிறது, 'கிளாசின்' என்பார்கள். அழுத்தி அழுத்தி நுண்துளைகளை அடைத்த வெறும் கடதாசி அது. மாரிக்கு இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் தேன்மெழுகு தடவிய கடதாசி. அது மீள்சுழற்சிக்குப் போகாது. ஆனால் மண்ணில் உக்கும். தூரிகையின் மயிருக்குப் பிளாஸ்ரிக் குழலைவிடக் கடதாசிக் குழல் நல்லது. ஈரத்தோடு மூடி வைத்தாலும் காற்றுப் போகும், நாற்றமெடுக்காது.

கடதாசி என்றவுடன் பாவம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவும் கூடாது. அதற்கும் மரமும் தண்ணீரும் எரிபொருளும் செலவாகின்றன. கடதாசி நார் ஒவ்வொரு சுழற்சியிலும் குறுகிக்கொண்டே வந்து, ஐந்து முதல் ஏழு தடவைக்குப் பின் பயனற்றுப் போகும். ஆகவேதான் குறைத்தலை முதலில் வைத்தேன்.

நான்காவது, பெட்டியை ஒருமுறை கொடுத்து, உள்ளீட்டை மட்டும் ஆண்டுதோறும் நிரப்புதல். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். இதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை.

எங்கள் பனங்கட்டிக் குட்டானைப் பாருங்கள். காய்ச்சிய பாகை ஊற்ற ஓர் ஓலைக் குட்டான். அதுவே அச்சு, அதுவே பொதி, சந்தையில் அதுவே காட்சிப்பெட்டி, எடுத்துப்போகக் கைக்கு அடக்கமான அளவு. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே மரம் தந்தவை. தின்று முடித்தால் குட்டான் அடுப்புக்குள் போகும், அல்லது மண்ணுக்குப் போகும். நான் படித்த வடிவமைப்புப் புத்தகங்களில் சொன்ன விதிகள் அத்தனையும் அந்தச் சிறு ஓலைக் கூட்டுக்குள் இருக்கின்றன. அதைப் போட்டவர்கள் எங்கள் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும்.

கடகம், உமல், மூடற்பெட்டி, வெற்றிலை வைக்கும் கொட்டைப்பெட்டி என்று ஒவ்வொரு தேவைக்கும் ஓர் அளவு, ஒரு பின்னல், ஒரு பெயர் எங்களிடம் இருந்தது. கலர் பென்சிலுக்கென்று ஒரு நீண்ட மூடற்பெட்டி ஏன் இருக்கக் கூடாது? உள்ளே நெளிமட்டைத் தொட்டில். முதல் வருடம் பெட்டியும் கலரும். அடுத்த வருடம் கடதாசிப் பட்டி சுற்றிய 12 பென்சில் மட்டும். பிள்ளை ஆறாம் வகுப்பில் வாங்கிய பெட்டியைச் சாதாரண தரம் வரை வைத்திருக்கலாம். மெல்லிய மட்டைப் பெட்டிக்கு மாரியில் வரும் நைவும் ஓலைக்கு அவ்வளவு இல்லை. நனைந்தால் வெயிலில் காய வைத்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓலை வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். போருக்குப் பின் தனித்துக் குடும்பத்தைச் சுமப்பவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். ஒரு பெட்டி பின்னுவதற்கு ஓலை வெட்டி, காய வைத்து, வார்ந்து, சாயமிட்டு, பிறகுதான் கை பின்னத் தொடங்கும். அதை "மலிவான இயற்கைப் பொதி" என்று பேரம் பேசி வாங்கி, ஒரு நாள் பாவித்து எறிவோமானால் பிளாஸ்ரிக்கில் செய்த அதே பிழையை ஓலையில் செய்கிறோம். மட்டைப் பெட்டியின் விலைக்கு ஓலைப்பெட்டி கேட்கக் கூடாது. ஐந்து வருடம் இருக்கும் பெட்டிக்கு ஐந்து வருட மட்டைப் பெட்டிகளின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காசு இந்த ஊரில் ஒரு வீட்டு அடுப்பை எரிக்கும்.

மாணவச் செல்வங்களே, இது பெரியவர்களின் காசு விடயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சித்திர வகுப்பில் நாளைக்கே தொடங்கலாம். பழைய காலண்டர் மட்டையோ நெளிமட்டையோ எடுங்கள். பசை இல்லாமல் 12 பென்சிலுக்கு ஒரு பெட்டி மடியுங்கள். பிறகு மூன்று சோதனை. ஒன்று: மேசை உயரத்திலிருந்து, அதாவது 76 சென்ரிமீற்றர் அளவிலிருந்து, மூலை கீழே படும்படி விழவிடுங்கள். சிறு பொதிகளுக்குத் தொழில்துறையிலும் இந்த உயரத்தில்தான் சோதனை செய்வதுண்டு. பென்சிலைச் சீவிப் பாருங்கள். கூர் கழன்றால் பெட்டி தோற்றது. இரண்டு: பெட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்து ஒரு கிழமை பாடசாலைக்கு வந்து போங்கள். மூன்று: முதலாம் வகுப்புத் தங்கை ஒருத்தியிடம் கொடுங்கள், ஒருவரின் உதவியும் இல்லாமல் அவள் திறந்து மூட வேண்டும். மூன்றிலும் தேறிய பெட்டியை வடிவமைத்த பிள்ளைக்கு, அந்த வடிவத்திலேயே சங்கம் அடுத்த வருடப் பெட்டிகளைச் செய்விக்கட்டும் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பரிசுக் கிண்ணத்தைவிட அது பெரிய பரிசு.

கடல் கடந்திருக்கும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இன்னும் எளிது. அடுத்த முறை கலர்ப் பெட்டி வாங்கப் பணம் சேர்க்கும்போது, விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உள்தட்டு இல்லாமல் தர முடியுமா? மேற்சுற்றுத் தாள் இல்லாமல் தர முடியுமா? மொத்தமாக ஒரே பெட்டியில், பென்சில்களைக் கட்டுக்கட்டாகத் தர முடியுமா? ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஐந்நூறு பெட்டி வாங்கும் சங்கம் கேட்டால் கணக்குப் பார்ப்பார்கள். முடிந்தால் அங்கிருந்து பெட்டிகளை அனுப்பாமல் பணத்தை அனுப்பி இங்கேயே வாங்குங்கள். காற்று நிரம்பிய பெட்டிகளைக் கப்பலேற்றும் செலவு மிஞ்சும். அந்த மிச்சத்தில் ஓலைப்பெட்டிக்கு நியாயமான விலை கொடுக்கலாம்.

ஒரு நூற்றாண்டாக இந்தக் கல்விச்சாலை எத்தனையோ கைகளில் தூரிகையைக் கொடுத்திருக்கிறது. இரண்டாவது நூற்றாண்டில் வரும் பிள்ளைகளுக்கும் கலர் வேண்டும். அவர்கள் வரைவதற்கு நீலக் கடலும் பச்சைப் பனங்கூடலும் வெளியே உண்மையிலும் இருக்க வேண்டும். வளவின் பின்மூலையில் புகை எழாத ஒரு பாடசாலையை அவர்களுக்குக் கொடுப்பது எங்கள் கைக்கு எட்டிய காரியம். அடுத்த கலர்ப் பெட்டியிலிருந்தே அதைத் தொடங்குவோம்.